விளையாட்டுக் கிளப்பில் குழந்தைகள் பாதுகாப்பு: நல்ல மனதோடு செய்யும் தவறுகள்

“அவர் இருபது வருஷமா நம்மகூட இருக்கார், அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா?” என்று சொல்லி விதியைத் தளர்த்துவதில்தான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டர் லாரி நாசரும் எல்லோரும் நம்பிய ஆள்தான். 1997-லேயே வீராங்கனைகள் அவரைப் பற்றிச் சொன்னார்கள், பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாலியல் வன்கொடுமைக்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது 2018-ல்; அதற்குள் பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கானோர்.

அதனால் பழையவரோ, புதியவரோ, கமிட்டி மெம்பரின் தம்பியோ, எல்லோருக்கும் ஒரே விதிதான். குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, வண்டியில் தனியாகக் கூட்டிப் போகக் கூடாது, மெசேஜ் என்றால் பெற்றோரும் இருக்கும் குரூப்பில் மட்டும்.

ஒரு குழந்தை தைரியமாக வாயைத் திறக்கும்போது நாம் அதைவிடப் பெரிய தவறுகளைச் செய்கிறோம். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது, உடைந்தால் அந்தக் குழந்தை இன்னொருவரிடம் சொல்லவே யோசிக்கும். “இங்கே தொட்டாரா?” என்று நாமே பதிலை எடுத்துக் கொடுப்பதும் ஆபத்து, பின்னால் வழக்கில் அது குழந்தையின் சொல்லையே பலவீனமாக்கிவிடும். பொறுமையாகக் கேளுங்கள், உன் மேல் தப்பே இல்லை என்று சொல்லுங்கள், குழந்தை சொன்ன அதே வார்த்தைகளில் அன்றைக்கே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். அப்புறம், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு “இது உண்மையா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், குழந்தையை மிரட்டவும் ஆதாரத்தை அழிக்கவும் அவருக்கு நேரம் கிடைத்துவிடும். விசாரிப்பது போலீஸ், குழந்தைகள் நலத் துறையின் வேலை, உங்கள் வேலை உடனே அவர்களுக்குத் தெரிவிப்பது.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது, கிளப் பேர் கெட்டுவிடும் என்று புகாருக்கு ஆளானவரைச் சத்தமில்லாமல் ராஜினாமா செய்ய வைப்பதில்தான். அவர் அடுத்த கிளப்பில் போய்ச் சேருவார், அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

உடல்நலத்திலும் இதே அலட்சியம் உண்டு. தலையில் அடிபட்டவர் மயங்கவில்லை என்பதற்காக மறுபடி ஆட விடாதீர்கள், மூளை அதிர்ச்சி பெரும்பாலும் மயக்கமில்லாமலே வரும்; சந்தேகம் இருந்தால் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. எல்லோர் முன்னாலும் எடை பார்த்துக் கிண்டல் செய்வதை இன்றே நிறுத்துங்கள்.

திடீரென்று வராமல் போனவருக்குச் சந்தா பாக்கி என்று மட்டும் மெசேஜ் போகிறதா? ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள், வராததற்குக் காரணம் கிளப்புக்குள்ளேயே இருக்கலாம்.