கண்ணை வைத்து லேசரை எடைபோடாதீர்கள்

டார்ச் லைட் எரியவில்லை என்றால் நம் கை என்ன செய்யும்? பின்பக்கத்தில் இரண்டு தட்டு தட்டும், முகப்பை முகத்துக்கு நேரே திருப்பும், சுவிட்சைப் போட்டுப் பார்க்கும். பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு நட்சத்திரம் பார்க்க வரும் பையன்களில் ஒருவன் என் பச்சை லேசரையும் அப்படித்தான் எடுத்தான். "எரியுதான்னு பாருல" என்று பக்கத்தில் நின்றவன் சொல்ல, இவன் முனையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்விட்டான். லேசரைப் பூட்டும் சாவி என் சட்டைப் பையில் இருந்ததால் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். டார்ச்சில் பழகிய கை அது.

மற்ற விளக்குகளில் கண்ணே நம்மை எச்சரித்துவிடும். கூசும், வலிக்கும், தண்ணீர் வரும், முகத்தைத் திருப்பிக்கொள்வோம். லேசரில் இந்த எச்சரிக்கையை நம்பியிருக்க முடியாது. பல்பு வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது, அதில் சிறு பங்குதான் கண்ணுக்குள் போகும். லேசர் கதிர் நூல் பிடித்த மாதிரி வருவதால் மொத்தமும் கண்மணிக்குள் நுழைந்துவிடும். உள்ளே இருக்கும் லென்ஸ் அதை விழித்திரையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியாகக் குவிக்கிறது. ஒளியின் அடர்த்தி ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பேப்பரைப் பற்ற வைத்திருப்போமே, அதே வேலைதான். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டாலும் சுரீர் என்றிருக்காது. சுடுவது நாம் நேராகப் பார்க்கும் நடுப்பகுதியாக இருந்தால், எழுத்தும் முகமும் தெரிகிற அந்த இடம் மூக்குக்கண்ணாடி போட்டாலும் திரும்பி வராது.

மங்கலாகத்தானே இருக்கிறது என்று நினைப்பது

எனக்குத் தெரிந்தவரை அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. நிறத்தை ஒளியின் அலைநீளத்தால், நானோமீட்டர் கணக்கில் சொல்வார்கள்; 555 நானோமீட்டர் பக்கம் இருக்கும் பச்சைதான் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரியும். ஒரே மில்லிவாட் (வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சக்தி கொண்ட 532 பச்சை லேசரையும் 650 சிவப்பு லேசரையும் சுவரில் அடித்துப் பார்த்தால் பச்சை ஏறத்தாழ எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். 405 ஊதா லேசரோ, அதே சக்தியில், பச்சையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூடக் காட்டாது. வெள்ளை வேட்டியில் பட்டால் மட்டும் சோப்புத் தூளில் உள்ள வெளுப்பூட்டியால் நீலமாக ஒளிரும். மற்றபடி மங்கல் புள்ளிதான். "இது ஒண்ணும் பவர் இல்ல அண்ணாச்சி" என்று ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் காட்டிய ஊதா லேசர், கறுப்பு பலூனைத் தொட்டதும் வெடிக்க வைத்தது.

பச்சையில் இன்னொரு மறைவான சங்கதி உண்டு. கடைகளில் விற்கும் 532 பச்சை லேசருக்குள் பச்சை ஒளியை நேராகத் தரும் டயோடு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை 808 நானோமீட்டரில் தரும் டயோடு ஒரு கிரிஸ்டலைத் தூண்டுகிறது. அது 1064-ல் இன்னொரு அகச்சிவப்பைத் தருகிறது. இரண்டாவது கிரிஸ்டல் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 பச்சையாக வெளியே விடுகிறது. மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க முனையில் ஒரு வடிகட்டி வேண்டும். விலை மலிவான லேசர்களில் பலவற்றில் அது இருப்பதில்லை.

2010-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி சோதித்த ஒரு பச்சை லேசரில் பச்சை மங்கலாகத்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்போ கிட்டத்தட்ட 20 மில்லிவாட் வந்துகொண்டிருந்தது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் கண்மணி சுருங்காது, இமையும் மூடாது. ஆனால் அதுவும் விழித்திரை வரை போய்க் குவியும். ஆகவே கீழே விழுந்து பச்சை மங்கிப்போன லேசரை "பழசாயிட்டு, பிள்ளைகள் விளையாடட்டும்" என்று கொடுத்துவிடாதீர்கள். கிரிஸ்டல் விலகிப் பச்சை குறைந்திருக்கலாம், உள்ளே டயோடு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கலாம்.

ஸ்டிக்கரை நம்புவது

லேசர்களைச் சக்தியை வைத்து வகுப்பு பிரிக்கும் பட்டியல் இதுதான்: 1 மில்லிவாட் வரை வகுப்பு 2, அதைத் தாண்டி 5 வரை 3ஆர், 500 வரை 3பி, அதற்கு மேல் வகுப்பு 4. சுவரில் சுட்டிக்காட்ட வகுப்பு 2 தாராளம். ஆனால் லேசரின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் இந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டு அச்சிடப்பட்டதாக நினைக்க வேண்டாம். அதே என்ஐஎஸ்டி நிறுவனம் 2013-ல் 122 லேசர் பாயிண்டர்களை அளந்து வெளியிட்ட கணக்கில், பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்த நாட்டு விதிகளுக்குள் அடங்கவில்லை. நம்மிடம் ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பது அதைவிட ஒழுங்காக இருக்கும் என்று எண்ண எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தடித்த பேட்டரி, பூட்டும் சாவி, "5 மில்லிவாட்டுக்குக் கீழ்" என்ற எழுத்து மூன்றும் ஒன்றாக இருந்தால் அந்த எழுத்தை நம்பவே வேண்டாம்.

கண் தானாக இமைத்துக்கொள்ளும் என்ற ஆறுதலும் அப்படித்தான். வகுப்பு 2-க்கான கணக்கே கால் விநாடியில் இமை மூடிவிடும் என்பதை வைத்துப் போட்டது. எல்லோரும் அப்படி இமைப்பதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதிலும் "யார் ரொம்ப நேரம் பாக்கான்னு பார்ப்போம்" என்று பந்தயம் கட்டும் பத்து வயதுப் பிள்ளைகளிடம் இமைப்பு என்ன செய்யும்? முனையில் பூப்பூவாக விழ வைக்கும் மூடியைப் போட்டால் ஒளி பிரிந்துவிடும் என்பதும் பாதிதான் உண்மை. நடுப்புள்ளியில் நல்ல சக்தி அப்படியே நிற்கும்.

பளபளப்பை மறந்துவிடுவது

இதில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மாசி மாத இரவு. மேலே கார்த்திகைக் கூட்டம், அதற்குக் கிழக்கே திருவாதிரை. லேசரால் காட்டிக்கொண்டே வந்தவன், யாரோ கேள்வி கேட்க, பட்டனை விடாமலே திரும்பினேன். கதிர் கைப்பிடிச் சுவரின் மேல் கிடந்த எவர்சில்வர் தூக்குவாளி மூடியில் விழுந்தது. அதே நொடியில் எதிரே தண்ணீர்த் தொட்டியில் ஒரு பச்சைப் புள்ளி. தரையிலிருந்து நாலடி உயரம். அந்த உயரத்தில்தான் பிள்ளைகளின் தலைகள் இருந்தன. புள்ளிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பிள்ளை நின்றாள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் வீட்டில் பளபளப்புக்குக் குறைவே இல்லை. எவர்சில்வர் தட்டு, பீரோக் கண்ணாடி, சாமி படம், துலக்கிய குத்துவிளக்கு, கை வாட்ச், மோதிரம். தட்டையான பளபளப்பு கதிரை அப்படியே திருப்பிவிடும், அதுதான் மோசம். சொம்பின் வெளிவயிறு போல வளைந்தது ஒளியைப் பரத்திவிடும். கரண்டிக் குழி போல உள்வளைவு கொஞ்ச தூரத்தில் குவித்தும் விடலாம். வேலையைத் தொடங்கும் முன் சுற்றிலும் பார்த்து இவற்றை எடுத்துவிட்டோ துணி போட்டு மூடியோ வைத்துவிடுங்கள். மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் உயரம். மேஜையில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லும் விதி, உட்கார்ந்தாலும் நின்றாலும் கதிர் கண் மட்டத்துக்கு வரக்கூடாது என்பது. நாம் தரையில் சம்மணம் போட்டு சோல்டரிங் செய்கிறவர்கள். மேஜைக்காரருக்கு இடுப்பு உயரத்தில் ஓடும் கதிர் நமக்கு நேராகக் கண். தவழ்கிற, தத்தி நடக்கிற பிள்ளை உள்ள வீட்டில் தரை வேலையே வேண்டாம். பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்து டயோடு எடுப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். அதன் சிவப்பு டயோடு 200 மில்லிவாட்டையும் தாண்டும். சிடி எழுதும் டயோடு 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரிகிற எல்லையிலேயே இருப்பதால் எரிகிறதா என்பதே சரியாகத் தெரியாது. கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அடாப்டரில் நேராக மாட்டிய லேசர், கரண்ட் வந்ததும் யாரையும் கேட்காமல் எரியத் தொடங்கும்.

தூரத்தில்தானே என்று வானத்தில் வீசுவது

ஒரு மீட்டர் போக ஒரு மில்லிமீட்டர் விரிகிற சாதாரண 5 மில்லிவாட் கதிர் சுமார் 16 மீட்டர் வரை கண்ணுக்குக் கேடு. 500 மில்லிவாட் என்றால் 160 மீட்டர். அதற்கப்பால் விழித்திரை தப்பினாலும் கூச்சம் கிலோமீட்டர் கணக்கில் போகும். வாகைக்குளம் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் நம் தலைக்கு மேல் போகலாம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அந்தப் பச்சைப் புள்ளி ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்து விமானியின் கண்ணாடி முழுக்கப் படர்ந்துவிடும், அதுவும் ஓடுதளத்தை அவர் தேடும் நேரத்தில். அதனால் இப்போது பட்டனை அழுத்தும் முன் வானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பேன். ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு விநாடிக்கு மேல் அழுத்த மாட்டேன். பைனாகுலரில் பார்க்கும் யாரும் இருந்தால் லேசரையே எடுக்க மாட்டேன்.

கண்ணாடி போட்டாச்சு என்ற தைரியம்

கூலிங் கிளாஸ் பாதுகாப்பே இல்லை. இருட்டில் கண்மணி இன்னும் விரிந்து கொடுக்கும். வெல்டிங் கண்ணாடியும் இதற்குச் செய்ததல்ல. லேசர் கண்ணாடி என்றால் எந்த அலைநீளத்துக்கு, எத்தனை ஓடி (ஒளியைத் தடுக்கும் அளவு) என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். பச்சையையும் நீலத்தையும் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி 650 சிவப்பைத் தாராளமாக விடும். 808-ஐத் தடுக்கும் என்று எழுதியிருந்தாலொழிய அதையும் விடும். லேசரோடு இலவசமாக வரும் கண்ணாடியில் "200 முதல் 1100 வரை" என்று பார்த்திருக்கிறேன். அத்தனையையும் தடுக்கிற கண்ணாடி வழியே எதுவுமே தெரியக்கூடாது. தெரிகிறது என்றால் அந்த எழுத்து பொய்.

வீட்டில் மரப்பலகையில் பெயர் பொறிக்க லேசர் என்கிரேவர் வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. 5 வாட் மெஷின் என்றாலே வகுப்பு 4-ன் தொடக்கத்தைப் போலப் பத்து மடங்கு. அந்த அளவில் மரத்தில் பட்டுச் சிதறும் ஒளியே பக்கத்தில் இருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் கெடுதல். மெஷின் ஓட்டுபவர் கண்ணாடி போட்டிருப்பார், வேடிக்கை பார்க்கும் ஆச்சியும் பேரனும் வெறும் கண்ணோடு உட்கார்ந்திருப்பார்கள். மூடிய பெட்டி இல்லாத மெஷினை ஹாலில் ஓட்டாதீர்கள். கதவை மூடக்கூடிய தனி அறை, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி, புகை வெளியேற ஒரு ஃபேன். ரெக்சினை மட்டும் வெட்டாதீர்கள், அதிலிருந்து வரும் புகை வேறு விதமான விஷம்.

பட்டுவிட்டால்

கண்ணைக் கசக்க வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், வீட்டில் இருக்கும் பழைய சொட்டு மருந்து எதையும் விட வேண்டாம். சூடு பட்டது கண்ணின் பின்சுவரில், சொட்டு அங்கே போகாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஓரடி தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அந்தப் புள்ளியைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். கோடு வளைந்தாலோ, ஒரு கட்டம் காணாமல் போனாலோ, நடுவில் கறை நின்றாலோ அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். கட்டம் சரியாகத் தெரிந்தாலும் பட்டது பலமான லேசர் என்றால் காட்டிவிடுவதே நல்லது. விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் சூடு பட்ட இடம் தெரிய வாய்ப்பு உண்டு. லேசரையும் கையோடு கொண்டுபோங்கள், என்ன நிறம், என்ன பவர் என்பது அவருக்கு வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. லேசரைக் கண்ணில் அடித்துக்கொண்ட பையன் வீட்டில் அடி விழும் என்று வாயே திறக்க மாட்டான். போர்டில் எழுத்து தெரியவில்லை என்று மட்டும் சொல்வான். நாமும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போவோம். கோபத்தை வைத்துவிட்டு, "லேசர் லைட் வச்சு விளையாடினியா ராசா?" என்று முதலில் கேளுங்கள்.