குளோன்மக்னாய்ஸ் கல்லறைப் பலகைகள்: படிக்கப் போய்க் கெடுத்துவிடாதீர்கள்

அயர்லாந்தில் ஷனன் ஆற்றங்கரையில் இருக்கிறது குளோன்மக்னாய்ஸ். 6ஆம் நூற்றாண்டில் புனித கியரான் நிறுவிய இந்த மடத்தின் இடுகாட்டில் 700-க்கும் மேற்பட்ட கல்லறைப் பலகைகளும் துண்டுகளும் கிடைத்துள்ளன. பெரும்பாலும் மணற்கல், பல இடங்களில் செதுக்கலின் ஆழமே சில மில்லிமீட்டர்தான்.

எழுத்து மங்கலாக இருந்தால் பலரும் செய்வது, கோடுகளில் சாக்பீஸ் தேய்ப்பது. தூள் நுண்துளைகளில் இறங்கிவிடும். அதைவிட மோசம், நம் ஊகத்தையே கல்லில் எழுதிவிடுகிறோம். அடுத்து வருபவர் அதைத்தான் படிப்பார். மாவும் ஷேவிங் நுரையும் இதே ரகம். காகிதம் விரித்துக் கிரேயான் தேய்த்தால் தளர்ந்த மணல் உதிரும். கற்பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டினால் பாசியோடு கல்லின் தோலும் வரும். பிளீச்சிங் தூள் உப்பை விட்டுச் செல்லும். அது உள்ளே படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கும்.

இத்தனைக்கும் வேண்டியது ஒரு டார்ச்தான். கல்லை நிழலாக்கி, விளக்கைப் பக்கவாட்டில் 10–15 பாகைச் சாய்வில் பிடியுங்கள். ஒரே திசையில் நிறுத்திவிடக் கூடாது: ஒளியோடு இணையாக ஓடும் கோடு தெரியவே தெரியாது. ஆகவே நான்கு புறமிருந்தும் தனித்தனிப் படம். கேமரா கல்லுக்கு நேராக, முக்காலியில். 10 செ.மீ. அளவுகோல் கல்லின் மட்டத்திலேயே இருக்கட்டும். கேமராவின் பிளாஷ் முன்னாலிருந்து அடித்து எல்லா நிழலையும் தின்றுவிடும், அணைத்துவிடுங்கள்.

படிப்பதிலும் சறுக்கல் உண்டு. தொடக்கத்தில் ‘இன்னாருக்காக வேண்டுங்கள்’ என்னும் சுருக்கம் அடிக்கடி வரும். அதைப் பெயரோடு சேர்த்துவிடாதீர்கள். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக ஆண்டேடுகளில் (நிகழ்வுகளை ஆண்டுவாரியாகக் குறித்த பழைய ஏடுகள்) வரும் அரசரையோ மடத்தலைவரையோ பொருத்துவதும் அவசரம். 891இல் இறந்த அறிஞர் சுவிப்னேயின் பலகையை நம்பி அடையாளம் காண்பதற்குக் காரணம், அதில் தந்தை பெயரும் இருப்பதுதான்.

நிமிர்த்தி வைத்திருப்பதைப் பார்த்து நடுகல் என எண்ண வேண்டாம்; இவை பெரும்பாலும் கல்லறைமேல் படுக்கையாகக் கிடந்தவை. வெளியே நிற்கும் உயரமான சிலுவைகளும் நகல்களே. அவற்றின் தேய்மானத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூலங்கள் பார்வையாளர் மையத்துக்குள் உள்ளன.

புல்லில் செதுக்கலுள்ள துண்டு கிடந்தால் எடுக்காதீர்கள். கிடந்தபடியே அளவுகோலோடு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள்.