குளிர்த்திப் பாடல் ஒரே சீடியில் அடங்க

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் பதிந்த, அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாடல் மொத்தம் 86 நிமிடம், சாதாரண சீடியில் 80 நிமிடந்தான் பிடிக்கும். இரண்டாக வெட்டலாம்தான், ஆனால் பாட்டு நடுவில் அறுந்து அம்மம்மா எழும்பிப்போய் அடுத்த சீடியை மாற்றுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் 90 நிமிட சீடி தேடினேன்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடையில் வெறும் சீடி என்று கேட்டால் 700 எம்பி, அதாவது 80 நிமிடம் உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள். உறையில் 90 நிமிடம் அல்லது 790 எம்பி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 99 நிமிடம், 870 எம்பி என்றும் ஒன்று உண்டு, எனக்கு அது வேண்டாம். கூடுதல் இடம் எப்படி வருகிறது என்றால், பாட்டு பதியும் சுருள் தடத்தை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, விளிம்புப் பக்கமாகவும் நீட்டுகிறார்கள். எவ்வளவு நெருக்குகிறார்களோ அவ்வளவுக்குப் பழைய பிளேயர்கள் தடுமாறும். ஆகவே தேவைக்கு மேல் போகாதீர்கள், அதோடு முதலில் இரண்டு மூன்று மட்டும் வாங்கிச் சோதித்துவிட்டு அப்புறம் கட்டாக வாங்குங்கள்.

எழுதும்போது ஒரு குழப்பம் வரும். சீடியைப் போட்டதும் மென்பொருள் 79 நிமிடம் 59 வினாடி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், இவ்வகைச் சீடிகளில் பல தம் அளவை அப்படித்தான் சொல்லும். சீடி எழுதும் மென்பொருளான நீரோவில் (Nero) எக்ஸ்பேர்ட் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய், காட்டும் அளவுக்கு மேல் எழுதவிடும் ஓவர்பேர்னை இயக்கி, உச்ச அளவை 90 நிமிடமாக வையுங்கள். முழுச் சீடியையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க் அட் வன்ஸ் முறையில்தான் எழுத வேண்டும், மற்ற முறையில் சரிவராது. சீடியை எழுதும் கருவியான உங்கள் ரைட்டரும் இதற்கு இடங்கொடுக்க வேண்டும், எல்லா ரைட்டரும் கொடுக்காது. வேகத்தைக் குறைத்து வையுங்கள், நான் 8 மடங்கில் எழுதினேன்.

எழுதி முடிந்ததும் வெளிச்சத்தில் பின்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். எழுதிய இடம் நிறம் மாறி, ஏறக்குறைய விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும், வழக்கமான சீடியில் இருக்கும் வெற்று வளையம் மெலிந்திருக்கும். நாம் சீடியைப் பிடிப்பது அந்த விளிம்பில்தானே, எனவே விரல் ரேகை பட்டால் முதலில் கெடுவது கடைசிப் பாட்டு. நடுத்துளையிலும் விளிம்பின் ஓரத்திலும் மட்டும் பிடியுங்கள். கல்லடிப் பக்கம் உப்புக்காற்றும் வெயிலும் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, ஜன்னலோரத்திலோ வான் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழேயோ வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சாயத்துக்கு வெயில் ஆகாது. மூலப் பதிவை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், அந்தக் குரல்களைத் திரும்பப் பதிய முடியாது.

முதல் பாட்டு ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாமல், எந்த பிளேயரில் கேட்கப் போகிறார்களோ அதிலேயே கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். எங்கள் வீட்டு பிளேயரில் 86 நிமிடமும் சுத்தமாக ஓடியது. மாமாவின் வான் வண்டி பிளேயரில் 81 நிமிடம் தாண்டியதும் திக்கத் தொடங்கியது, அவருக்கு மட்டும் பாட்டு முடியும் இடமாகப் பார்த்து இரண்டு சீடியாக எழுதிக் கொடுத்தேன்.