சங்கங்கள் ஒன்றுசேரும்போது சுற்றவிடக் கூடாத பட்டியல்

வன்னியில் புதிதாகப் பெண்கள் வலையமைப்புத் தொடங்கும் பிள்ளைகள், முன்னர் நாங்கள் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். கூட்டக்குறிப்பு எழுதுவதையும் கணக்குப் புத்தகம் வைப்பதையும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரே சொல்லித்தருவார். அவர் சொல்லாத சிலதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

எல்லாருக்கும் ஒரே பெயர்ப்பட்டியல்

கரைச்சி, கண்டாவளை, பூநகரி என்று நாலைந்து மாதர் சங்கங்கள் சேர்ந்த உடனேயே ஒரு எக்செல் தாள் சுற்றத் தொடங்கும். "உங்கட ஊரில பாதிக்கப்பட்ட பொம்பிளையளின்ர விபரம் தாங்கோ." பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராமம், போன் நம்பர், கடைசி நிரலில் 'வன்முறை வகை'. எத்தனை தரம் சொன்னாலும் இந்தத் தாள் திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான்.

ஒரு சங்கம் அதை அச்செடுக்கச் சந்தியில் இருந்த கொமினிக்கேசனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியது. அச்செடுத்த பிறகும் கோப்பு கடைக் கணினியின் திரையில் திறந்தபடி கிடந்தது. அடுத்து வந்து நின்றவர் பட்டியலில் ஏழாவதாக இருந்த பெண்ணின் மச்சான். அந்தப் பெண் பிறகு முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். சங்கத்துப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

"அவையே விரும்பித்தானே பெயர் தந்தவை" என்பார்கள். 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் தொடங்கிய பதிவு, மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம் என்று இன்னும் முடியவில்லை. பதிந்தால் ஏதும் கிடைக்கும் என்ற எண்ணத்தில் சனம் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கும். அதைச் சம்மதம் என்று எடுக்க முடியாது.

செய்யவேண்டியது இது. பெண்ணை முதலில் சந்தித்த சங்கத்தைத் தாண்டிப் பெயர் போகக்கூடாது. அந்தச் சங்கம் ஓர் இலக்கம் கொடுக்கட்டும். 3/17 என்றால் மூன்றாவது சங்கம், பதினேழாவது ஆள். முதலெழுத்தையும் கிராமத்தையும் சேர்த்து இலக்கம் போட்டால் ஊரில் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்த இலக்கம் யார் என்ற கொப்பி ஓரிடத்தில், விபரக்கோவை வேறிடத்தில், இரண்டும் பூட்டில். வலையமைப்புக் கூட்டத்துக்கு எண்ணிக்கை மட்டும் வரவேண்டும். சின்ன எண்ணிக்கையைக் கிராமவாரியாகச் சொல்லவும் வேண்டாம். முப்பது வீடுள்ள ஊரில் 'சம்பவம் 1' என்று எழுதுவதும் பெயரை எழுதுவதும் ஒன்றுதான். ஐந்துக்குக் குறைந்தால் பிரதேச செயலகப் பிரிவாகக் கூட்டிச் சொல்லுங்கள்.

வேறு சங்கத்திடமோ சட்டத்தரணியிடமோ அனுப்பும்போது மூன்று கேள்வி கேளுங்கள். யாரிட்டைச் சொல்லலாம்? எதைச் சொல்லலாம்? எத்தனை மணிக்கு எடுத்தால் போன் உங்கட கையில இருக்கும்? மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பல வீடுகளில் போன் ஒன்றுதான், பொழுதுபட்டால் அது புருசனிடம் போய்விடும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கப் போகிறவருக்கு, மனுப் போடுவதற்கு முந்திய நாட்களில் செய்தி கசிந்தால் உயிராபத்து. கட்டளை இன்னும் கையில் இருக்காது, அடிக்கிறவருக்கோ எல்லாம் தெரிந்திருக்கும்.

மேடை

பாதிக்கப்பட்டவரை மேடையேற்றி அழவைக்காதீர்கள். மார்ச் 8 அன்றும் வேண்டாம்.

பழைய சட்டத்தைப் படிப்பிப்பது

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரிமையில், அதாவது அரசகாணி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்குப் பிறகு காணி யாருக்கு என்பதில், ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்தப் பேதத்தை எடுத்துவிட்டது. பழைய கைந்நூலைப் போட்டோக்கொப்பி எடுத்து, மகளுக்குப் பின்வரிசைதான் என்று இன்னமும் வகுப்பு நடத்தாதீர்கள். அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே, தனக்குப் பிறகு யாருக்கு என்பதைப் பிரதேச செயலகத்தில் பதியச் சொல்லுங்கள்.

காசு

நிதி கேட்டு விண்ணப்பம் எழுதமுதல் எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். காசு வந்தபிறகு பேச முடியாது.

கூடுகிற இடம்

கோயில் மண்டபம் இலவசம்தான். ஆனால் 1990 இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் பெண்கள் அங்கே வரத் தயங்குவார்கள், துடக்கு நாளில் இருப்பவரும் வரமாட்டார். பொதுநோக்கு மண்டபமோ முன்பள்ளியோ பாருங்கள். வாசலில் எத்தனை படி என்று முதலே போய் எண்ணுங்கள். செல்லடியில் காலிழந்தவர்கள் எங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள், இரண்டு படி என்றாலும் அவர்களுக்குத் தடைதான். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பெண்கள் தேத்தண்ணி ஊற்ற மட்டும் எழும்புகிறார்கள் என்றால், நிகழ்ச்சிநிரலில் அவர்களின் காணிப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம்.

தை, மாசியில் அரிவுவெட்டு. அப்போது கூட்டம் வைக்க வேண்டாம்.

"ஆரார் வந்தது?"

கூட்டம் முடிந்த மறுநாள் இப்படிக் கேட்டுப் புலனாய்வு ஆள் வருவது வன்னியில் புதிதல்ல. பதில் சொல்லும் ஒருவரை முதலே தீர்மானியுங்கள். சங்கத்தின் பதிவுக் கடிதம், நிகழ்ச்சிநிரல், வந்தவர்களின் தொகை, இவ்வளவும் அவரிடம் இருந்தால் போதும். வந்தவர்களின் பெயர்கள் இருக்கும், பயணப்படிக்குக் கையெழுத்து வாங்கும் தாளை ஒவ்வொரு சங்கமும் அன்றைக்கே தங்களோடு கொண்டுபோய்விட வேண்டும்.