வைரஸ் கார்ட் இலவசமா, காசுக்கா? வீட்டுக் கொம்பியூட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலவாக்கலைப் பக்கத்து டீச்சர் ஒருவர் போன மாதம் தன் லெப்டொப்பை என்னிடம் கொண்டுவந்தார். ஒன் பண்ணி வேலை தொடங்கவே பத்து நிமிஷம் ஆகிறதாம். பென் டிரைவில் வினாத்தாள் வைத்திருந்த போல்டர்கள் எல்லாம் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறியோடு தெரிகின்றனவாம். "நல்ல வைரஸ் கார்ட்தான் தம்பி போட்டிருக்கு. டவுன்ல ஐந்நூறு ரூபா குடுத்துப் போட்டேன்" என்றார்.

உள்ளே பார்த்தால் இரண்டு வைரஸ் கார்ட், அதாவது வைரஸைப் பிடிக்கும் மென்பொருள். ஒன்று லெப்டொப்போடு வந்த சோதனைப் பதிப்பு. அது காலாவதியாகி இரண்டு வருஷம். மற்றது ஐந்நூறு ரூபாய்க்குப் போட்ட கிரேக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. இரண்டையும் கழற்றியதும் விண்டோஸின் சொந்தக் காவலான டிஃபென்டர் விழித்துக்கொண்டது. அதன் செட்டிங்ஸில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று ஓர் இடம் உண்டு. எதைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லி வைக்கிற இடம் அது. திறந்தேன். ஒரே ஒரு வரிதான் இருந்தது: சி டிரைவ், அதாவது விண்டோஸே இருக்கும் இடம் முழுவதும். தோட்டத்து ஸ்டோருக்கு வாச்சர் போட்டுவிட்டு, ஸ்டோர் பக்கம் மட்டும் போகாதே என்று சொன்ன மாதிரி.

கிரேக் வேலை செய்வதற்காகத்தான் இப்படிச் செய்து வைக்கிறார்கள். இலவசமா, காசுக்கா என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் இந்த மூன்றாவது வழியில்தான் இருக்கிறார்கள். இதைவிட மோசமான தெரிவு கிடையாது. போடும்போதே "வைரஸ் கார்டை நிறுத்து, முழு அனுமதி கொடு" என்று கேட்கிற ஒரு பைலுக்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம். பைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வெயர்களில் 'ஸ்டொப்' என்ற குடும்பம் வீட்டுக் கொம்பியூட்டர்களுக்குள் பெரும்பாலும் இந்தக் கிரேக் வழியாகத்தான் நுழைந்தது. காசு இல்லையென்றால் இலவசத்தைப் போடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. திருட்டுப் பிரதியை மட்டும் தொடாதீர்கள்.

இரண்டு கார்ட் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பதும் பிழை. ஒரே பைலை இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்துச் சோதிக்கும். மெஷின் மூச்சுத் திணறும். காலாவதியானதை அப்படியே விட்டு வைப்பது அதைவிடப் பிழை. சின்னம் கீழே மூலையில் தெரிவதால் காவல் இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். புதிய வைரஸ் பற்றி அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஒன்று புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் கழற்றுங்கள்.

சரி, இலவசம் போதுமா? விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபென்டர் முழு வைரஸ் கார்டாக விண்டோஸோடு கூடவே வருகிறது. தொடக்கத்தில் அது சுமார்தான். இப்போது அப்படியில்லை. வைரஸ் கார்ட்களைச் சோதித்துப் புள்ளி போடும் ஜேர்மனியின் ஏவி-டெஸ்ட் கூடத்தில் சில வருஷங்களாகவே நல்ல புள்ளி வாங்குகிறது. வீட்டில் ஓரளவு இணையம் இருக்கிறது, கண்டதையும் டவுன்லோட் செய்யும் பழக்கம் இல்லை என்றால் அது போதும் என்பதே என் கருத்து.

ஆனால் நம் மலையகத்துக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. கொழும்பில் இருந்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். டிஃபென்டர் தன் பலத்தில் பெரும்பங்கை இணையத்தின் வழியே மைக்ரோசொஃப்ட்டின் சேர்வரிடம் கேட்டுத்தான் பெறுகிறது. இணையம் இல்லாதபோது அதன் பிடிக்கும் திறன் நன்றாகவே குறைவதை ஒஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் என்ற கூடத்தின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மலை மடிப்புக்குள் இருக்கும் தோட்டத்து லய வீட்டில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அங்கே வைரஸ் வருவது இணையத்தால் அல்ல, கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்கச் செருகிய பென் டிரைவால். அப்படிப்பட்ட வீட்டுக்கு, இணையம் இல்லாமலும் நன்றாகப் பிடிக்கும் பிட்டிஃபென்டர் போன்ற ஒன்றைப் போடுவது நல்லது. அதிலும் இலவசப் பதிப்பு இருக்கிறது. வைரஸைப் பிடிக்கும் எஞ்சின் இலவசத்திலும் காசுக்கு விற்பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான். கூடுதல் காசுக்குக் கிடைப்பவை விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் வசதி), பாஸ்வேர்ட் பெட்டகம், பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் வசதி போன்றவை. அவை தேவையா என்று பார்த்து வாங்குங்கள். முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டாம் வருஷம் பேங்க் காட்டிலிருந்து தானாகக் கழியும் தொகை பல நிறுவனங்களில் அதைவிட அதிகம்.

டேட்டாவை மிச்சப்படுத்த ஃபோன் ஹொட்ஸ்பொட்டை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று மாற்றி வைப்பது நம் பக்கத்தில் பலரின் பழக்கம். அப்போது டிஃபென்டரின் அப்டேட் தானாக வராமல் நின்றுவிடலாம். வாரத்தில் இரண்டு நாளாவது, நைட் டேட்டா இருக்கும் நேரத்திலாவது, அதைத் திறந்து அப்டேட்டை நீங்களே அழுத்துங்கள்.

இலவசம் என்றால் அந்த நிறுவனம் எப்படிப் பிழைக்கிறது என்றும் கேட்க வேண்டும். இலவச வைரஸ் கார்ட் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பாவனையாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. அதற்காக 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1 கோடியே 65 இலட்சம் டொலர் கட்ட வைத்தது. அவாஸ்ட் பிடிக்கவில்லை என்று ஏவிஜிக்கோ அவிராவுக்கோ மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நோர்ட்டன் உட்பட இவை நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான்.

செகண்ட் ஹேண்ட் லெப்டொப் வாங்கியவர்களிடம் ஒரு விஷயம். இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸருக்கு முந்தியவை விண்டோஸ் 11க்கு ஏற்றவை அல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. "காசு கொடுத்து நல்ல கார்ட் போட்டுவிட்டால் சமாளிக்கலாம்" என்கிறார்கள். முழுக்கச் சமாளிக்க முடியாது. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வொன்னாக்ரை என்ற ரான்சம்வெயர் நுழைந்தது விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அதை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் சிக்கினார்கள்.

பிரவுசரின் மூலையில் "உங்கள் வைரஸ் கார்ட் முடிந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும்" என்று சிவப்பாக ஒன்று துள்ளினால் காட் நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். ஏதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' அழுத்திய வினைதான் அது. நோட்டிஃபிகேஷன் அனுமதியை எடுத்துவிட்டால் நின்றுவிடும்.

டீச்சரின் வினாத்தாள்களுக்கு வருகிறேன். அவை அழியவில்லை. வைரஸ் உண்மையான போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட் (குறுக்குவழிப் பைல்) வைத்திருந்தது. அளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோபைட்தான். அதை டபுள் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், போல்டரும் திறக்கும். அதனால் சந்தேகமே வராது. முதலில் வைரஸை நீக்கினேன். அப்புறம் மறைத்த பைல்களைக் காட்டச் சொன்னதும் எல்லாம் அப்படியே இருந்தன.

ரான்சம்வெயராக இருந்திருந்தால் இப்படி மீட்டிருக்க முடியாது. 2023 ஓகஸ்டில் நம் அரசாங்க மின்னஞ்சல் முறைமையையே ஒன்று தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் சுமார் 5,000 முகவரிகளில் போயே போய்விட்டன. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. அதனால் டீச்சர் "அப்ப காசு குடுத்து எதை வாங்கட்டும் தம்பி?" என்று கேட்டபோது வைரஸ் கார்ட் எதையும் சொல்லவில்லை. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை செருகி வினாத்தாள்களைக் கொப்பி பண்ணுகிறார். முடிந்ததும் வயரைக் கழற்றி அலுமாரியில் வைக்கிறார். செருகியே விட்டால் ரான்சம்வெயர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.