ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வீட்டிலேயே ஆயில் கூலர் மாட்டுகிறீர்களா?

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் ரெட்டிச்சாவடி தாண்டியிருப்பேன், இரவு ஒன்பது மணி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. ஓரம் கட்டி இறங்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். வந்த வழி நெடுக ரோட்டில் சிவப்பாக ஒரு கோடு. மூன்று வாரத்துக்கு முன்னால் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் மச்சானும் நானுமாகச் சேர்ந்து மாட்டிய, கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிரவைக்கும் கூலரின் ஓஸ் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மெக்கானிக் அந்தப் பைப் முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், பைப்பை மொட்டையா அறுத்து ஓஸைச் சொருகிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் செய்திருந்தோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்று விற்கும் எல்லா வண்டியும் ஒன்றல்ல. சின்ன கார்களில் வரும் ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. அதற்கு இந்தக் கூலர் வேலையே கிடையாது. இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் உள்ள பெரிய வண்டிகளுக்குத்தான் இந்தப் பேச்சு. கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். அதன் எண்ணெய் வேறு, அழுத்தம் அதிகம், பொறுமை குறைவு.

டார்க் கன்வர்ட்டர் வண்டியில் ஏடிஎஃப் என்கிற அந்தச் சிவப்பு எண்ணெய், உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கியர் மாற்றுவது, கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது, இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துவது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாம் அதன் தலையில்தான். சாதாரண ஓட்டத்தில் அது 80 முதல் 95 டிகிரி வரை இருக்கும். 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் கருக ஆரம்பிக்கும். ஏழு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கத்திரி வெயிலில் ஏற்காடு மலை ஏறினால் சூடு ஏறத்தான் செய்யும். அதனால்தான் கூடுதல் கூலர் என்ற யோசனையே வருகிறது. யோசனை தப்பில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரத்தக்குழாயை அறுத்து நடுவில் நாலு மூட்டு போடுகிறோம் என்பது நினைவிருக்க வேண்டும். கூலர் தகடு ஓட்டையாவது அபூர்வம். ஒழுகுவது எப்போதும் மூட்டில்தான்.

மொத்த எண்ணெயே வண்டியைப் பொறுத்து 6 முதல் 10 லிட்டர்தான். கூலர் வழியாக நிமிடத்துக்குச் சில லிட்டர் ஓடுகிறது. ஓஸ் கழன்றால், பம்ப் தன் கையாலேயே கியர்பாக்ஸின் அடித்தொட்டியான சம்ப்பில் இருப்பதை எடுத்து ரோட்டில் கொட்டிவிடும். டாஷ்போர்டில் விளக்கு எரிவதற்குள் பாதி காலி. எண்ணெய் குறைந்ததும் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் கருகும். சூட்டைக் குறைக்கப் போட்ட கூலரே கியர்பாக்ஸைச் சுட்டுவிடும்.

இப்போது அந்த மொட்டை பைப்புக்கு வருகிறேன். கம்பெனி பைப்பை ஆக்சா பிளேடால் அறுத்து, அதன் மேல் ரப்பர் ஓஸைத் திணித்து, திருகும் கிளிப்பால் இறுக்கினால் கையால் இழுக்கும்போது கெட்டியாகவே இருக்கும். சூடேறி ரப்பர் இளகி, அழுத்தமும் அதிர்வும் சேரும்போது வழவழப்பான பைப் மீது ஓஸ் மெல்ல மெல்லப் பின்னால் நகரும். பைப் முனையில் ஒரு வரப்பு எழுப்பியிருக்க வேண்டும். அதற்கென்று ஃபிளேரிங் கருவி இருக்கிறது, ஏசி மெக்கானிக்குகளிடம் சாதாரணமாகக் கிடைக்கும். வரப்புக்குப் பின்னால் கிளிப் உட்கார்ந்தால் ஓஸ் அதைத் தாண்டி வராது. அறுத்த பிசிறையும் துடைத்து எடுக்க வேண்டும். நாங்கள் எடுக்கவில்லை. ஓஸின் உள்பக்கம் பிளேடு கீறியது போல மூன்று கோடு இருந்தது.

ஓஸ் விஷயத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. ரேடியேட்டர் தண்ணீருக்கான ஓஸ் தடிமனாக, பலமாகத் தெரியும். ஆனால் அந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். பெட்ரோல் ஓஸ் எண்ணெயைத் தாங்கும், ஆனால் இந்தச் சூட்டை வருடக்கணக்கில் தாங்கும் என்று நம்ப முடியாது. கடையில் "டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர் ஓஸ்" என்றே கேளுங்கள். இல்லை என்றால் காத்திருங்கள். "இதுவும் அதுதான் சார்" என்று எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

திருகு மூட்டு என்றால் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவது நம் கை வழக்கம். குழாய் வேலைக்குச் சரி. இங்கே அதன் துணுக்கு ஒன்று உள்ளே போனால், கியரைத் தீர்மானிக்கும் வால்வுகளின் நூல் போன்ற சந்தில் போய் உட்காரும். ஒழுகுகிறதே என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினாலும் ஆபத்து. அலுமினியத்தில் இருக்கும் மரை ஒருநாள் பேசாமல் விரிசல் விடும்.

காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய கூலர் வேண்டவே வேண்டாம். அந்த வண்டி எதனால் காயலான் கடைக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்? கியர்பாக்ஸ் போன வண்டியாக இருந்தால், அரைந்த உலோகத் தூள் அந்தக் கூலரின் மடிப்புகளில் அப்படியே இருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்பது நம்பிக்கை மட்டுமே.

கூலரை எங்கே கட்டுவது? வண்டி முகப்பில் இருக்கும் ஏசி கண்டென்சருக்கு முன்னால் என்பது சரி. ஆனால் பிளாஸ்டிக் டேக்கைத் தகடுகளுக்குள் விட்டுக் கட்டினால், ஒவ்வொரு வேகத்தடைக்கும் கூலர் ஆடி ஆடி உராய்ந்து ஓட்டை விழும். இரும்புப் பட்டை வைத்து, நடுவில் ரப்பர் கொடுத்து முடுக்குங்கள். கடலோரத்தில் இருக்கிறோம். தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலை பக்கமோ நிற்கும் வண்டியில், அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக அரிக்கும். வண்டிக்கு அடியில் போகும் இரும்புப் பைப்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். துருப் பிடித்த பைப்பில் புது ஓஸ் மாட்டுவது வீண் வேலை.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கம்பெனி கூலரை முழுசாகக் கழற்றிவிடச் சொல்பவர்களும் உண்டு. பனி விழும் நாட்டுக்காரர்கள், எண்ணெய் சூடேறாமலே போய்விடும் என்று அதை எதிர்க்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை வேறு: திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் ஊர்ந்தால் காற்றுக் கூலருக்குக் காற்று எங்கே? முதலில் ரேடியேட்டர், அதிலிருந்து வெளியே வரும் பைப்பில் புதுக் கூலர், அப்புறம் கியர்பாக்ஸ் என்ற வரிசைதான் நல்லது. ரேடியேட்டர் கூலரே உள்ளே ஓட்டையாகி எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்திருந்தால் கதை வேறு. ரேடியேட்டரையே மாற்ற வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியிலும், கியர்பாக்ஸுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து எண்ணெய் பால் போல ஆகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அப்போது தண்ணீரில் நின்ற வண்டியை வாங்குகிறீர்கள் என்றால் இதை முதலில் பாருங்கள்.

மாட்டி முடித்தபின் எண்ணெய் அளவு. புதுக் கூலரும் ஓஸும் கொஞ்சம் குடிக்கும், அதை ஈடுகட்ட வேண்டும். எந்த எண்ணெய் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல, பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் எண்ணெயும் சிவப்புதான். பல வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். இப்போதைய வண்டிகளில் பலவற்றுக்கு அளவுக் குச்சியே இல்லை. சந்தேகத்துக்கு அரை லிட்டர் கூட ஊற்றுவோம் என்றால் நுரை கட்டி, மூச்சுக்குழாய் வழியாகத் துப்பும். அது சூடான சைலன்சர் பைப்பில் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

முதல் ஒரு மாதம் இரவில் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். நம் ஊர் புழுக்கத்தில் ஏசித் தண்ணீர் குடம் குடமாகச் சொட்டும், அதில் எண்ணெய்ச் சொட்டு மறைந்துவிடும். தாள் காய்ந்தபின் பாருங்கள். தண்ணீர் சுருக்கம் மட்டும் விடும், எண்ணெய் கண்ணாடி போல ஊடுருவிய கறை விடும். எங்கள் வாசலில் சிமெண்டுத் தரையில் அந்தக் கறை இரண்டு வாரமாகவே இருந்திருக்கிறது. என் மனைவி சொன்னாள், நான்தான் ஏசித் தண்ணீர் என்றேன்.

ஓட்டும்போது கழன்றுவிட்டால் உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று உருட்டக் கூடாது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின். அது நின்றிருக்கும்போது சக்கரம் உருண்டால் உள்ளே இருக்கும் பாகங்கள் எண்ணெய் இல்லாமல் சுற்றும். வண்டியை அப்படியே தூக்கி ஏற்றும் லாரியைக் கூப்பிட வேண்டும்.

அன்று இரவு எனக்கு இது தெரியாது. வாழைத்தார் ஏற்றி வந்த வேன்காரர் ஒருவர் இரக்கப்பட்டுக் கயிறு கொடுத்தார், மஞ்சக்குப்பம் வரை இழுத்து வந்தோம். கியர்பாக்ஸ் போனது எண்ணெய் இல்லாமல் நான் மிதித்ததிலா, அந்த இழுவையிலா என்று பிரித்துப் பார்த்த மெக்கானிக்காலும் சொல்ல முடியவில்லை.