கல்லடிக் கட்டடத்துக்குச் சிகாகோக் குளிர்: உச்சச் சுமைக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் கல்லடியில் கட்டவிருந்த இரண்டு மாடி ரியூஷன் நிலையம் ஒன்றுக்கான சிமுலேஷன் அறிக்கையை, அதாவது கட்டடம் எவ்வளவு சூடாகும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்த கணக்கை, ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். அதில் உச்சக் குளிரூட்டற் சுமைக்கு, அதாவது மிகக் கடுமையான நேரத்தில் குளிரூட்டி அகற்ற வேண்டிய வெப்பத்தின் அளவுக்கு, அடுத்த வரியில், உச்ச வெப்பமூட்டற் சுமை 14 கிலோவாற்று, ஜனவரி 21 என்று அச்சாகியிருந்தது. மாரி மழை நாளின் இரவிலும் 20 பாகைக்கு இறங்குவது அரிதான ஊரில் இது நடக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால், அந்த வரியை அழித்துவிட்டு மற்றதை மட்டும் சமர்ப்பிக்க எண்ணியிருந்தார். அந்த எண்ணமே எனக்குக் கவலை தந்தது. பிழையான வெப்பமூட்டற் சுமை எந்தத் தரவிலிருந்து பிறந்ததோ, அதே தரவிலிருந்துதான் அவர் நம்பிய குளிரூட்டற் சுமையும் பிறந்திருந்தது.

கட்டடங்களின் வெப்பத்தையும் சக்தித் தேவையையும் கணிக்கும் எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருளில் இயந்திரங்களின் கொள்ளளவு பெரும்பாலும் வடிவமைப்பு நாள் எனப்படும் ஒரு கடுமையான நாளை வைத்தே கணிக்கப்படுகிறது. அந்த நாள் கட்டடக் கோப்புக்குள் எழுதப்பட்டிருப்பதால், ஓர் ஊரின் ஆண்டு முழுவதற்குமான வானிலைக் கோப்பை மாற்றினாலும் அது தானாக மாறாது. அந்த மென்பொருளுடன் வரும் மாதிரிக் கோப்புகள் பலவற்றில் இருப்பது சிகாகோ நகரின் நாள்கள். அவற்றுள் குளிர்கால நாள் பூச்சியத்துக்குக் கீழே 17 பாகை. மாணவர் மாதிரிக் கோப்பொன்றைத் திருத்தித் தன் கட்டடத்தை வரைந்திருந்தார், நாள்களைத் தொடவில்லை. நிலத்தின் வெப்பநிலையும் அப்படியே மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் 18 பாகை என்ற இயல்பிருப்பு மதிப்பில் கிடந்தது. ஆண்டுச் சராசரிக் காற்றே 27 பாகையை ஒட்டி நிற்கும் மட்டக்களப்பில், அந்தத் தரை கணக்கில் ஓர் இலவசக் குளிரூட்டியாக வேலை செய்துகொண்டிருந்தது.

கொழும்பின் வானிலைக் கோப்பைப் போட்டால் போதும் என்பது அடுத்த தவறு. அங்கே தென்மேல் பருவம் மழை தரும் மாதங்களில் நமக்குக் கச்சான் காற்று வீசுகிறது. மலைகளைத் தாண்டி இறங்கும்போது அது சூடாகி உலர்ந்து வருகிறது.

ஆனால் கச்சான் நாளையே உச்ச நாளாக எடுத்துக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. வெப்பமானி அதிகம் காட்டும் மணித்தியாலமும் குளிரூட்டி அதிகம் உழைக்கும் மணித்தியாலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஏனெனில் காற்றின் ஈரத்தை நீராக்கி வடிப்பதற்கும் சக்தி வேண்டும். ஒரு பிள்ளைக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் வெளிக்காற்று தருகிறோம் என்றும், வெளியே ஒரு கிலோகிராம் காற்றில் 20 கிராம் நீராவியும் உள்ளே 11 கிராமும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 9 கிராமை அகற்ற மட்டும் ஆளுக்கு ஏறத்தாழ 265 வாற்று செலவாகும். 40 பிள்ளைகளுக்கு அது 10.6 கிலோவாற்று, அதாவது குளிரூட்டிகளை அளக்கும் அலகில் மூன்று தொன். வெயிலோ கூரையோ பிள்ளைகளின் உடற்சூடோ இன்னும் கணக்கில் வரவில்லை. உலர்ந்த கச்சான் நாளில் இந்தப் பங்கு சுருங்கும். காற்றசையாத ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் விரியும். வெளிக்காற்றின் அளவைப் பூச்சியமாக விட்டுவிட்டு உச்சச் சுமை கிடைத்துவிட்டது என்பவர்கள், நம் கரையோரத்தில் இந்தப் பெரும்பங்கை விட்டுவிடுகிறார்கள்.

யன்னல் விடயத்தில், வடக்கு யன்னலுக்கு வெயில் வராது என்பது உயர் அகலக்கோட்டு நாடுகளுக்கான பாடம். நாம் இருப்பது வடக்கு 7.7 பாகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்ரெம்பர் தொடக்கம்வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது, ஆகவே வடக்குச் சுவருக்கும் தாழ்வாரம் தேவை. சீமெந்துத் தட்டுக் கூரையோ மதியம் வாங்கிய சூட்டை மாலையிலேயே உள்ளே விடும். மாலை வகுப்பு நடக்கும் நிலையத்துக்கு, பிள்ளைகள் வரும் நேரத்தை அலுவலக நேரமாக விட்டுவைத்தால் கூரைச் சூடும் பிள்ளைகளின் கூட்டமும் சந்திக்கும் மணித்தியாலம் கணக்கில் தோன்றாது.

அறை அறையாக உச்சங்களைக் கூட்டி முழுக் கட்டடத்தின் உச்சம் என்று எழுதக்கூடாது. கிழக்கு அறை காலையிலும் மேற்கு அறை மாலையிலும் உச்சம் காணும். ஒரு கணத்தில் வேண்டிய வலுவைச் சொல்லும் கிலோவாற்றை, ஒரு காலப்பகுதியில் செலவான சக்தியைச் சொல்லும் கிலோவாற்று மணியோடு குழப்புவதும் இதே வகை.

பாதுகாப்புக்காக மேலதிகமாகச் சேர்ப்பதில் நிதானம் வேண்டும். மென்பொருள் குளிரூட்டலுக்கு இயல்பாகவே 1.15 மடங்கு எடுக்கிறது. அதன்மேல் நாம் 20 வீதம் சேர்த்து, கடைக்காரர் 18,000 பி.ரி.யு. (குளிரூட்டியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) இயந்திரத்தை 24,000 ஆக்கினால், வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைக்கும் இன்வேட்டர் இல்லாத இயந்திரம் அறையைச் சட்டெனக் குளிராக்கி நின்றுவிடும், ஈரம் வடிய நேரம் இருக்காது. சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் அறைகளில் அலுமாரிப் புத்தகங்களில் பூஞ்சணம் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாணவர் எல்லாவற்றையும் திருத்தி மீண்டும் ஓட்டினார். வெப்பமூட்டற் சுமை பூச்சியமானது. குளிரூட்டலின் உச்சம் மே மாதத்து நாளொன்றின் மாலை நான்கரை மணிக்கு, மேல்மாடி மேற்கு வகுப்பறையில் விழுந்திருந்தது. இயந்திரத்தின் அளவை எழுதுவதற்கு முன், அந்த அறையின் மேற்கு யன்னலுக்கு எவ்வளவு நீளத்தில் நிழற்றட்டு வைக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.